கொளஞ்சியம்மாள் வீட்டு ஸ்வெட்டர்

வெயிலுக்குப் பேர்போன சீமையில், ஊர் ஊராகக் கம்பளிச் சட்டை வாங்கித் திரிந்த மனிதரை யார்தாம் பெயர் சொல்லி அழைப்பார்கள்? வரதராசன்பேட்டைச் சவரிராஜ், மீன்சுருட்டி முதல் பூலாம்பாடி வரை ‘கம்பளி’ என்றே அறியப்பட்டார்.

கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்கார துரையின் பங்களாவில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். துரைசானியின் கம்பளி உடைகளைப் பேணுவது அவருடைய பொறுப்பு. பூந்திக்கொட்டை நுரையைப் பச்சைத் தண்ணீரில் கலந்து, கசக்காமலும் முறுக்காமலும் அலசி, நிழலில் பாய்மேல் பரப்பி உலர்த்துவார். துரை கப்பலேறியதும் ஊர் திரும்பினார். சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் வீடு வந்து சேர்ந்த காலம் அது. அவர்களுடைய தகரப் பெட்டிகளில் ஸ்வெட்டர்கள் கிடந்தன. இந்த ஊர்ச் சூட்டில் அவற்றை யார் போடுவார்கள்? ஒரு வீட்டில் ஸ்வெட்டர்மேல் கோழி அடைகாத்தது. இன்னொரு வீட்டில் அதைக் கொண்டு அண்டா துலக்கினார்கள். சவரிராஜ் ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார். மயிர் பொசுங்கும் வாடை வந்தால் அசல் கம்பளி. பிறகு கன்னத்தில் வைத்து ரகம் சொல்வார். நல்லவற்றை வாங்கி மலைக்கடைகளுக்கு அனுப்பிவைப்பார்.

“சித்திரைக்கு எனக்கும் ஒண்ணு எடுத்து வையி, கம்பளி. போட்டுக்கிட்டு ஏர் ஓட்டுறேன்” என்பார் மீன்சுருட்டித் தங்கசாமி.

“ஒங்க மாடு மெரண்டுடும்ங்க, மாமா.”

நாற்பத்தாறாம் ஆண்டு முடியும் தறுவாயில் அவருடைய மகள் மரிய புஷ்பத்துக்கு மலைமேலிருந்த ஒரு கன்னியர் மடத்திலிருந்து அழைப்பு வந்தது. ஜனவரி ஆறாம் தேதி மூன்று இராசாக்கள் திருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை புறப்பட வேண்டும். பத்தொன்பது வயதுப் பெண். சிறுவயது முதலே இழுப்பு. முதல் குளிர்காலத்தை அவள் நெஞ்சு தாங்காவிட்டால் வீட்டுக்கே அனுப்ப நேரும் என்று மடத்துத் தாயார் கடிதத்தில் எழுதியிருந்தார். பட்டாளத்து முரட்டுக் கம்பளியோ அவள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரத்தில் கழுத்தெல்லாம் தடித்துவிட்டது.

“இதப் போட்டுக்கிட்டுச் செபம் சொல்ல முடியாதுப்பா. சொறியத்தான் முடியும்” என்று சிரித்தாள் அவள். சவரிராஜால் சிரிக்க முடியவில்லை. கைக்கு வந்த மென்மையான சட்டைகளையெல்லாம் முகமறியாதவர்களுக்கு அனுப்பியாகிவிட்டது. மகளுக்கென ஒன்றை எடுத்துவைக்கத் தோன்றவே இல்லை.

அப்போதுதான் அரும்பாவூர் நினைவுக்கு வந்தது. அங்கே கொளஞ்சியம்மாளின் மகன் சிங்காரவேலு, வடக்கே ஓர் அதிகாரிக்கு மோட்டார் ஓட்டியவன். அந்த அதிகாரி தம்முடைய காஷ்மீர் ஸ்வெட்டரை அவனுக்குக் கொடுத்திருந்தார். அவன் விஷக்காய்ச்சலில் இறந்துபோக, பெட்டி மட்டும் வீடு வந்தது. ஐப்பசியில் சவரிராஜ் விலை கேட்டபோது, அம்மாள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு பெட்டியை மூடிவிட்டார். மறுபடி கேட்க அவருக்கு நாவெழவில்லை.

இப்போது கேட்காமல் முடியாது. அரியலூர், பெரம்பலூர் வழியாகக் கரிப்புகை கக்கும் பஸ்களில் மாறி மாறி ஏறி, ஞாயிற்றுக்கிழமை அரும்பாவூர் போய்ச் சேர்ந்தார். மகள் மலைக்குப் போவதையும் அவளுடைய இழுப்பையும் சொன்னார்.

“ஒம் மவளுக்குத்தானா? விக்கிறதுக்கு இல்லியே?”

“சத்தியமா எம் மவளுக்குத்தாங்க.”

“கண்ணாலம் ஆவலியா அதுக்கு?”

“கன்னியாஸ்திரீயாப் போவுதுங்க.”

அம்மாள் பெட்டியைத் திறந்து, தேன் நிறச் சட்டையை எடுத்து நீட்டினார். முயல்குட்டியின் வயிற்றைத் தொட்டாற்போல் இருந்தது. “கழுத்துல மோந்து பாரு, தம்பி. அவன் தலையெண்ண வாசம் இன்னும் போவல.”

“வெலை என்னன்னு...”

“புள்ள சட்டைக்கு வெலை பேசுவாங்களா? சும்மா எடுத்துக்க. இன்னிக்கு வேணாம், புதங்கெழமை வா.”

பிரிவதற்கு அவருக்கு மூன்று நாள் வேண்டியிருக்கிறது என்று சவரிராஜ் நினைத்துக்கொண்டார். ‘தண்ணியில போட்டுடாதீங்க’ என்னும் சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால், இன்னும் கைக்கு வராத தானத்துக்கு நிபந்தனை விதிப்பது எப்படி? வாசனைக்காக ஒன்றரை ஆண்டு பொத்தி வைத்திருப்பவர் அதை நனைக்கவா போகிறார்? சொல்லாமல் திரும்பினார்.

புதன்கிழமை போனபோது, வெள்ளை வேட்டித் துண்டில் பொதிந்த ஒரு சிறு மூட்டையைக் கொளஞ்சியம்மாள் இரு கைகளாலும் ஏந்திக் கொடுத்தார்.

“செத்தவன் சட்டைய அப்படியே ஒரு கன்னிப்பொண்ணு மேல போடலாமா, தம்பி? தீட்டாச்சே. எனக்கு மனசே வல்ல. ஆனாலும் துணி வெளுக்குற சாமிக்கண்ணுகிட்டக் குடுத்துட்டேன். வெள்ளாவியில நல்லா அவிச்சுத் தரச் சொன்னேன். நேத்துச் சாயந்தரம் கொண்டாந்தான். ஒம் மவளுக்குன்னு கட்டினது, நான் பிரிக்கல.”

மூட்டையின் இறுக்கம் உள்ளங்கையில் பட்டவுடனேயே சவரிராஜுக்குத் தெரிந்துவிட்டது. பிரித்துப் பார்த்தார். உவர்மண்ணில் ஊறி, வெள்ளாவிப் பானையின் ஆவியில் வெந்த அந்தச் சட்டை, ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடப் பற்றாத அளவுக்குச் சுருங்கி, பன்னாடைபோல் விறைத்துக் கிடந்தது.

“மாத்திக் குடுத்துட்டானா?” என்றார் அம்மாள்.

“இல்லீங்க. இது அதுதாங்க.”

அவர் அதை வாங்கிக் கழுத்துப் பகுதியை முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். உவர்மண் வாடையைத் தவிர வேறொன்றும் அதில் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நனைச்சு இழுத்தா வந்துடாதா?” என்று கேட்டார்.

வராது. வெந்து இறுகிய கம்பளி எந்தக் காலத்திலும் நெகிழாது. சவரிராஜுக்கு அது நன்றாகத் தெரியும். யாரிடம் சினந்துகொள்வது? பெற்றவள் தன் பிள்ளையின் கடைசி வாசத்தையும் தீட்டென்று கழுவி, இவருடைய மகளுக்காகக் கொடுத்திருக்கிறாள்.

“வந்துடுங்க, இழுத்துப் பாப்பம்” என்றார்.

அம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தார். சட்டையின் ஒரு கையை அவரும் மறுகையை இவரும் பிடித்துக்கொண்டு, முற்றத்தில் எதிரெதிரே நின்று இழுத்தார்கள். பெரம்பலூர் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை.

“கொஞ்சம் வருதுல்ல, தம்பி?”

“வருதுங்க” என்று சொல்லி, சவரிராஜ் மேலும் இழுத்தார்.