என் தலையும் தாய்மாமன் மடியும்

சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. தோளில் வெள்ளையாக என்ன கிடந்தாலும் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். அரியலூர்ப் பக்கம் லாரிகளை எடை போடும் இடத்தில் எனக்கு வேலை. அங்கே வேப்பமரமே வெள்ளையாகத்தான் நிற்கும். டிரைவர், கிளீனர், வாட்ச்மேன் எல்லோர் சட்டையிலும் தூசி. என் சட்டையில் கிடப்பது தூசி இல்லை, தலையிலிருந்து உதிர்ந்த தோல் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

முதலில் பொடுகு என்றுதான் நினைத்தேன். செந்துறையில் எங்கள் தெருவே அப்படித்தான் நினைத்தது. ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். எலுமிச்சம்பழத்தைத் தேய் என்றார் ஒருத்தர். தேய்த்தேன், எரிச்சலில் உயிர் போய் உயிர் வந்தது. கத்திரிக்காயையும் கருவாட்டையும் விடு என்றார் இன்னொருத்தர். அதையும் விட்டேன். வாய்தான் செத்துப்போனது, தலை அப்படியே இருந்தது. வெட்பாலைத் தைலம் தடவியதில் அரிப்பு கொஞ்ச நாள் மட்டுப்பட்டது, தலையணை உறையெல்லாம் ஊதாவாகிவிட்டது. பிறகு நெற்றி ஓரத்திலும் காதுக்குப் பின்னாலும் தடித்துச் சிவந்து, அதன்மேல் வெள்ளிச் செதில் அடுக்கடுக்காக ஏறியது. பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு மாமா என் காதோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் நானே வேண்டாம் என்றுவிட்டேன்.

கடைசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூரில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு அந்த டாக்டரம்மா சொன்னார்.

"இது பொடுகு இல்லீங்க, சொரியாசிஸ். நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே உங்க தோலைப் பாடாப் படுத்துது. ஒரு மாசத்துல வளந்து உதிர வேண்டிய தோலு சில நாள்லயே வளந்து குவியுது. யாருக்கும் ஒட்டாது. ஆனா அடியோட போயிடும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. அடக்கித்தான் வெச்சிருக்க முடியும்."

அடக்கி வைக்கும் முறையையும் சொன்னார். எண்ணெய் தடவிச் செதிலை ஊற வைக்க வேண்டும், பிய்க்கக் கூடாது. தார் கலந்த ஷாம்பூவைத் தேய்த்துச் சற்றுப் பொறுத்து அலச வேண்டும். வகிடு வகிடாகப் பிரித்து, மருந்தை முடியில் இல்லாமல் தோலில் விட வேண்டும். கேட்க எளிதுதான், என் அடர்ந்த முடிக்குள் விட்ட மருந்து எங்கே போனது என்று அந்தச் சாமிக்குத்தான் தெரியும்.

"சொறியாதீங்க. கீறல் பட்ட இடத்துலயே புதுசாக் கிளம்பும். முடியைக் கொஞ்சம் குட்டையா வெட்டிக்குங்க, மருந்து நல்லாப் படும்" என்றார்.

இதில் கடைசி வரியை மட்டும் அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தங்கச்சி மகனுக்கு மொட்டை அடித்துக் காது குத்தும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நீயும் சேர்ந்து மொட்டை போட்டுக்கொள், சாமிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று அம்மா ஏற்கெனவே நச்சரித்துக்கொண்டிருந்தார். பஸ் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"பாத்தியா, டாக்டரம்மாவும் அதைத்தான் சொல்றாங்க. முடியோட எல்லாம் போயிடும்டா சாமி."

குட்டையாக வெட்டுவதும் மழிப்பதும் ஒன்றில்லை என்று எனக்குத் தோன்றாமலில்லை. ஆனால் டாக்டரும் சாமியும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் நான் யார் எதிர்த்துப் பேச? ஆசையும் இருந்தது. எதையாவது பிடித்துக்கொண்டு மேலே வந்துவிட மாட்டோமா என்ற ஆசை.

தங்கச்சியை மீன்சுருட்டியில் கொடுத்திருக்கிறோம். அவள் புகுந்த வீட்டில் என் தலை விஷயம் தெரியாது. "அவங்க வூட்ல இதையெல்லாம் சொல்லிக்க வேணாம்ணே" என்று அவள் கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. அவள் மகன் என்னைக் கண்டால் போதும், பாய்ந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வான். கல்யாணம், பிள்ளை குட்டி என்பதையெல்லாம் மனதிலிருந்து அழித்துவிட்ட எனக்கு அவன்தான் எல்லாம். மொட்டை அடிக்கும்போதும் காது குத்தும்போதும் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். வாழ்க்கையில் எனக்கென்று போட்டு வைத்த இடம் அது ஒன்றுதான். அந்த ஒரு நாள் அவன் என் மடியில் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தேன்.

கீழப்பழுவூருக்கு அந்தப் பக்கம் தங்கச்சி புகுந்த வீட்டின் குலசாமி கோயில். தோடு, பட்டுத்துணி, மாலை, பழம் எல்லாம் தட்டுகளில் வைத்துத் தாய்மாமன் சீர் கொண்டுபோனோம். தங்கச்சியின் மாமியார் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டார். மாமன் முதலில் முடி எடுத்தால் பிள்ளை பயப்படாது என்று என்னை உட்கார வைத்தார்கள்.

நாவிதர் தண்ணீர் தெளித்துத் தலையைத் தடவினார். தடவிய கை நின்றுவிட்டது.

"என்ன தம்பி, மேடும் பள்ளமுமா இருக்கு? கத்தி வெக்கட்டுமா?"

"வைங்கண்ணே" என்று அம்மா முந்திக்கொண்டார்.

முடி விழ விழ உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்தது. செதில் பெயர்ந்த இடங்களில் பொட்டுப் பொட்டாக ரத்தம். சுற்றி நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மழித்து முடித்த நாவிதர் சோப்புப் போட்டுக் கை கழுவினார். "பிள்ளைக்குப் புது பிளேடு மாத்திக்கிறேங்க" என்றார். எல்லோருக்கும்தான் மாற்றுவார், அது அவர் தொழில் வழக்கம். ஆனால் அன்றைக்கு அதை அவர் வாய்விட்டுச் சொன்னார்.

அம்மா அவசர அவசரமாகச் சந்தனத்தைக் குழைத்து என் தலையில் அப்பினார். தீப்பட்ட மாதிரி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, மடியில் துண்டை விரித்து, பிள்ளையைக் கொடு என்று கையை நீட்டினேன். தங்கச்சி ஓரடி எடுத்து வைத்தாள். மாமியார் குறுக்கே வந்தார்.

"தம்பி, கோச்சுக்காதீங்க. பச்சைப் பிள்ளை. ஒட்டுவாரொட்டி கிட்டி இருந்துச்சுன்னா?"

"இது ஒட்டாதுங்க அத்தை. டாக்டரே சொன்னாங்க."

"டாக்டரு சொல்லுவாங்க. நாளைக்குப் பிள்ளைக்கு வந்துட்டா அவங்களா வந்து சொறிஞ்சு விடுவாங்க?"

"ஐயோ சம்பந்தி, கூடவே கெடக்கேன், அவன் துணியைத் தொவைக்கிறேன், எனக்கு வந்துச்சா?" என்று அம்மா அழுதார். யார் காதிலும் ஏறவில்லை. நான் தங்கச்சியைப் பார்த்தேன். நீயாவது சொல்லேன் என்று பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவள் அங்கேதான் பிழைக்க வேண்டும், எனக்குத் தெரியாதா? தெரிந்தாலும் வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. எங்கள் சித்தி மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவன் மடியில் பிள்ளைக்கு மொட்டை அடித்தார்கள். நான் கொண்டுபோன தோட்டைத்தான் போட்டார்கள். அதைத் தொட்டால் ஒட்டாதாம், மடியில் உட்கார்ந்தால் ஒட்டுமாம்! என்ன கண்டுபிடிப்போ!

காதில் ஊசி இறங்கியபோது பிள்ளை வீறிட்டான். கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டு கையையும் நீட்டி "மாமா, மாமா" என்று கத்தினான். நான் கோயில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன், போகவில்லை.

கத்தி கீறிய இடமெல்லாம் அப்புறம் புதிதாகத் தடித்துக்கொண்டு வந்தது. பெரம்பலூர் டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "வெட்டத்தானங்க சொன்னேன், செரைக்கவா சொன்னேன்?" என்றார். மறுபடியும் எண்ணெய், மறுபடியும் ஷாம்பூ, மறுபடியும் மருந்து. கொஞ்சம் அடங்குகிறது; ராத்திரி கண் விழித்து வேலை பார்த்தாலோ மனசு சரியில்லை என்றாலோ திரும்பக் கிளம்புகிறது. மனசு எப்போது சரியாக இருக்கிறது? தங்கச்சி போன் செய்யும்போதெல்லாம் பிள்ளை தூங்குகிறான், வெளியே போயிருக்கிறான் என்பாள். பொங்கலுக்குத் தனியாகவே வந்துவிட்டுப் போனாள்.

போன மாதம் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் தங்கச்சியையும் பிள்ளையையும் தற்செயலாகப் பார்த்தேன். வளர்ந்துவிட்டான், நன்றாகப் பேசுகிறான். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தான். நான் குனிந்து கையை விரித்தேன். ஓடி வந்தவன் ஓரடி முன்னால் நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பாடம் ஒப்பிக்கிற மாதிரி தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"மாமாவத் தொடக்கூடாது. தொட்டா எனக்கும் வந்துடும்."

தங்கச்சி அழ ஆரம்பித்தாள். சரியாகச் சொன்னேனா என்று அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் விரித்த கையை மடக்கிக்கொண்டேன்.

"ஆமாண்டா தங்கம், தொடக்கூடாது" என்றேன்.