திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவன்

இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு நஷ்டமில்லை. ஆனால் இது நடந்தது. சித்தூரில், போன வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்தில். வெளியே நல்ல வெயில். பேய் என்றால் நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அன்று என் சிநேகிதன் கமலக்கண்ணனுக்கு என்ன ஆனது என்பதுதான் விஷயம். அவன் என் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தான். நான் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ஜெயச்சந்திரன். சித்தூரில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறேன். சாவு வீட்டில் பிணத்தை வைக்கிற, கண்ணாடி மூடி போட்ட பெட்டி. பல வருஷமாக இதுதான் பிழைப்பு. தூக்கில் தொங்கியவர்கள், பாகாலா பக்கம் ரயிலில் அடிபட்டவர்கள், எல்லோரையும் இந்தக் கையால் தூக்கிக் கிடத்தியிருக்கிறேன். அதனால் என்னைத் தைரியசாலி என்று நினைக்க வேண்டாம். மரத்துப் போய்விட்டது, அவ்வளவுதான். சொந்த அப்பாவைப் பெட்டியில் வைத்தபோதுகூட ஒயர் ப்ளக் வரைக்கும் எட்டுமா என்றுதான் பார்த்தேன்.

பேய்ப்படப் பைத்தியம் பிடித்ததும் அதனால்தான். எதையாவது பார்த்து ஒரு தடவையாவது உடம்பு நடுங்காதா என்று ஓர் ஆசை. இதுவரை நடுங்கவில்லை.

எங்கள் கூட்டம் நாலு பேர். நான், குடிபாலா கமலக்கண்ணன், துணிக்கடை சம்பத், திருப்பதியில் காலேஜ் படிக்கிற யஸ்வந்த். நாலு பேருக்கும் நாலு ருசி. யஸ்வந்துக்குப் புதுப் படம் வேண்டும், அதுவும் வெளிநாட்டுப் படம். திடீரென்று காது கிழிகிற மாதிரி சத்தம் வந்தால் அவனுக்குப் போதும். சம்பத்துக்குச் சிரிப்புப் பேய். பேயே நாலு அறை வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். கமலக்கண்ணனுக்குப் பழைய படம்தான் உயிர்.

"காட்டாத வரிக்கும்தான்டா அது பேயி. காட்டிட்டா மேக்கப்பு," என்பான்.

இந்தச் சண்டை தீர்கிற மாதிரி இல்லை. அதனால் ஒரு முறை வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு படத்துக்கும் எங்களில் ஒருவன் படம் பார்க்கக் கூடாது. திரைக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்து உட்கார வேண்டும். திரை வெளிச்சத்தில் முகங்கள் நன்றாகத் தெரியும். வெளியே வந்து 'சே, மொக்கை' என்று பீற்றிக்கொள்கிறவன் உள்ளே கர்ச்சீப்பைக் கடித்துக்கொண்டிருப்பான். முகத்தைப் பார்த்து மார்க் போடுவோம். அதுதான் முடிவு. பெரும்பாலும் அந்த வேலை எனக்குத்தான் வரும். எனக்குத்தான் படம் போனாலும் கவலையில்லையே.

அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்று கற்றுக்கொண்டேன். புதுப் படத்தில் ஜனங்கள் துள்ளுவார்கள். பாப்கார்ன் சிதறும், அடுத்த நொடியே சிரித்துவிடுவார்கள். பழைய படத்தில் யாரும் துள்ளமாட்டார்கள். சத்தமில்லாமல் காலைத் தூக்கி சீட் மேல் வைத்துக்கொள்வார்கள். தியேட்டரை விட்டு வெளியே போகும்போதும் பேசமாட்டார்கள்.

அன்று ஒரு பழைய படத்தை மறுபடியும் வெளியிட்டிருந்தார்கள். பாழடைந்த பங்களா. பேயைக் கடைசி வரைக்கும் காட்டமாட்டார்கள். கிணற்று ராட்டினம் மட்டும் தானாகச் சுற்றும். கமலக்கண்ணன்தான் எங்களை இழுத்துக்கொண்டு போனான். சம்பத் நகரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால் நாங்கள் மூன்று பேர்தான்.

தியேட்டரில் பெரிய ஹாலைத் தடுத்துப் புதிதாக ஒரு சின்ன ஹால் போட்டிருந்தார்கள். அதற்குள் நாங்கள் நுழைவது அதுதான் முதல் தடவை. டீக்கடையில் நேரமாகிவிட்டது. விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தபோது இருட்டில் தடவித் தடவிப் போனோம். பக்கத்தில் தெரிந்த ஆள் இருந்தால் பயம் பாதியாகிவிடும் என்று நாங்கள் எப்போதும் தனித்தனியாகத்தான் உட்காருவோம். யஸ்வந்த் முன்வரிசையில் உட்கார்ந்தான். கமலக்கண்ணன் பின்னால் போய்விட்டான். மேனேஜர் கங்கையா எனக்கு வழக்கம்போல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொடுத்தார். திரைக்குக் கீழே ஓரமாகப் போட்டுக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் திரை. வேறு எதுவும் கிடையாது.

படம் ஆரம்பித்தது. கூட்டம் குறைவு. அங்கொன்றும் இங்கொன்றுமாக முகங்கள். கமலக்கண்ணன் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பேய்ப்படம் பார்க்கும்போது அவன் முகம் திருவிழாவில் பலூன் பார்க்கிற குழந்தை முகம் மாதிரி இருக்கும். அன்றும் அப்படித்தான் இருந்தது. அவனுக்குப் பின்னால் ஒரே இருட்டு. திரை வெளிச்சம் அது வரைக்கும் போகவில்லை.

மணி மூன்று இருக்கும். என் முதுகுக்குப் பின்னால் ராட்டினம் சுற்றத் தொடங்கியது.

கிரீச்... கிரீச்...

யஸ்வந்த் காலை மேலே தூக்கிக்கொண்டான். நான் போனில் மார்க் குறித்துவிட்டு நிமிர்ந்தேன். கமலக்கண்ணன் முகம் மாறியிருந்தது.

சிரிப்பு போயிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவன் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கிறான் என்று நினைத்தேன். என்னடா என்று தாடையை ஆட்டினேன். அப்புறம்தான் கவனித்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. என் வலது தோள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தத் தோள் சில்லென்று இருந்தது. ஏசி. கொஞ்சம் பாரமாகவும் இருந்தது. காலையில் பெட்டி தூக்கிய வலி என்று விட்டுவிட்டேன்.

கமலக்கண்ணன் மெதுவாகக் கையைத் தூக்கினான். விரல்களை மடக்கி மடக்கி, வா... வா... என்று கூப்பிட்டான்.

எனக்கு அதில் ஆச்சரியமில்லை. பேய் வருவதற்குத் தாமதமானால் கை காட்டிக் கூப்பிட்டுக் கிண்டல் செய்வது எங்கள் கூட்டத்தின் வழக்கம். 'வா கண்ணு, வந்து சாப்புடு' என்று சம்பத் சத்தமாகவே கூப்பிடுவான். இவனும் திரையைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். ஆனால் முகத்தில் கிண்டல் இல்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

அருமையான பயம். ஒன்பது மார்க் போட்டேன்.

அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் கையை மடியில் போட்டுக்கொண்டான். என் தோள் வலியும் விட்டுவிட்டது.

இடைவேளையில் பாகாலாவிலிருந்து போன். அவசரமாகப் பெட்டி வேண்டும் என்றார்கள். வெளியே நின்று பேசி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. சமோசாவுக்கு முதல் ஆளாக ஓடி வருகிற கமலக்கண்ணன் அன்று எழுந்து வரவே இல்லை.

இரண்டாவது பாதி.

மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். கமலக்கண்ணனிடம் வந்து நின்றேன்.

அவனுக்குப் பின்னால் ஒரு முகம் இருந்தது.

முதல் பாதியில் அங்கே யாரும் இல்லை. யாரோ இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆணா பெண்ணா தெரியவில்லை. ஆனால் ஒன்று சரியில்லை. திரையில் வெளிச்சம் கூடினால் எல்லா முகமும் வெளுக்கும். குறைந்தால் எல்லா முகமும் கறுக்கும். அந்த முகம் ஒரே மாதிரி இருந்தது.

ராட்டினச் சத்தம் வந்தது. எல்லோரும் ஒடுங்கினார்கள். அது அசையவில்லை.

அது படம் பார்க்கவில்லை. கமலக்கண்ணனின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். எனக்குத் தோன்றியது வேறு. பேய்ப்படம் ஓடும்போது கம்பெனிக்காரர்கள் வேஷம் போட்ட ஆளை உள்ளே உட்கார வைத்து ஜனங்களைப் பயமுறுத்துவது உண்டு. திருப்பதியில் ஒரு தடவை அப்படிப் பார்த்திருக்கிறோம். இதுவும் அந்த விளம்பரம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். மேக்கப் நன்றாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

போனில் குறித்தேன். 'விளம்பர ஆள் - பத்து.'

நிமிர்ந்தேன்.

முகம் கிட்டே வந்திருந்தது.

கமலக்கண்ணன் திரும்பவில்லை. இப்போது அவன் என்னைத்தான் பார்த்தான். நேராக என் கண்ணை. பயம் இல்லை. ஒன்றுமே இல்லை.

கிரீச்...

அதன் தாடை அவன் தோளில் இருந்தது.

கிரீச்...

நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். சூப்பர் என்று.

அவன் தலையை ஆட்டினான்.

விளக்கு எரிந்தது.

கமலக்கண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தான். பின்னால் யாரும் இல்லை. நான் எழுந்து அவனிடம் போனேன். அவன் உட்கார்ந்திருந்தது கடைசி வரிசை. சீட்டுக்குப் பின்னால் புதிதாக அடித்த, கறுப்பு பூசிய பிளைவுட் தடுப்பு. சீட்டின் முதுகு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை.

வாசலில் கங்கையா நின்றிருந்தார்.

"சார், விளம்பரத்துக்கு ஆள் வெச்சிருந்தீங்களா?"

"விளம்பரமா? பாத சினிமா, ஜெயா," என்றார் தெலுங்கு கலந்து. "பழைய படத்துக்கு எவுரு காசு செலவு பண்ணுவான்?"

யஸ்வந்த் திருப்பதி பஸ்ஸுக்கு ஓடிவிட்டான். கமலக்கண்ணனை பஸ் ஸ்டாண்டில் விட என் பைக்கில் ஏற்றிக்கொண்டேன். வண்டி பாரமாக இழுத்தது. ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டியது. இரண்டு பேர் போகும்போது அது தட்டாது. அவன் என் முதுகோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கொஞ்சம் தள்ளி ஒக்காருடா."

"எடம் இல்ல," என்றான்.

குடிபாலா பஸ் வந்தது. ஏறினான். ஜன்னல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து, "வூட்டுக்குப் போ ஜெயா. நேரா வூட்டுக்குப் போ," என்றான். அவ்வளவுதான் பேசினான். எனக்கு எதுவும் தோன்றவில்லை. பாகாலாவுக்குப் பெட்டியை அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய், சாப்பிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு போன். கமலக்கண்ணனின் அக்கா இந்திராணி. அவனுக்குக் கல்யாணமாகவில்லை. அக்கா வீட்டில்தான் இருந்தான்.

"ஜெயா... ஒரு பொட்டி எட்த்துக்கினு வா," என்றாள்.

யாருக்கு என்று கேட்டேன். அழுதாள்.

டாக்டர் வந்து பார்த்து மாரடைப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெட்டியை நானே இறக்கினேன். அவனை நானே தூக்கிக் கிடத்தினேன். கையை மடக்கி வைத்தேன். நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கினேன். மூடியைப் போட்டு, ப்ளக்கைச் செருகி, ஸ்டெபிலைசரைப் பார்த்தேன். அழுகை வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை. கூட்டம் வாசலுக்குப் போன நேரம் பார்த்து இந்திராணி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நேத்து வந்தவன் ஒரு வாய் துன்னல, ஜெயா. இன்னாடான்னு கேட்டேன். 'ஜெயா பின்னால ஒண்ணு நின்னுக்கினு இருந்துச்சிக்கா. அவன் தோள் மேல கை வெச்சிக்கினு இருந்துச்சி. அவனுக்குத் தெரியல'ன்னான். சினிமாவுலயான்னேன். 'இல்லக்கா, ஸ்க்ரீனுக்கு முன்னால'ன்னான்."

நான் வலது தோளைத் தடவிக்கொண்டேன்.

"'அவனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. எனுக்கு யாரு கீறாங்க? அதான் அவன வுட்டுட்டு என்னாண்ட வான்னு கூப்ட்டேன். வந்துட்ச்சி'ன்னான். ஜெயாவாண்ட சொல்றதுதானேன்னேன். 'சொன்னா எத்தினி மார்க்குன்னு கேப்பான்க்கா'ன்னு சிரிச்சான்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும் எதுனா சினிமாக் கத சொல்றான்னுதான் வுட்டுட்டேன். ராத்திரி எட்டிப் பாத்தா, கட்டில்ல செவுத்தோரமா ஒதுங்கிப் படுத்துக்கினு இருந்தான். இந்தப் பக்கம் ஒராள் படுக்கற எடம் வுட்டு. ஏன்டா ஓரமா படுத்துக்கினு கீறேன்னேன். 'அதுக்கும் எடம் வேணும்க்கா'ன்னான்."

யாரோ மாலையோடு உள்ளே வந்தார்கள். அக்கா எழுந்து போனாள். நான் கர்ச்சீப்பால் கண்ணாடி மூடியில் படிந்திருந்த பனியைத் துடைத்தேன்.

கமலக்கண்ணன் பெட்டிக்குள் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தான். அவன் தோள் ஒரு பக்கத் தகட்டில் அழுந்தியிருந்தது. இந்தப் பக்கம் வெள்ளைத் துணி வெறுமனே தெரிந்தது.

அவனை நடுவில் கிடத்தியது நான்தான்.