சித்தியின் இடது பெடல்

என் அம்மாவின் தங்கை தண்ணீர் மீட்டர் படிக்கிறவள். ஒரு நாளைக்குத் தொண்ணூறு வீடு. சைக்கிளில் போய், குழிக்குள் குனிந்து எண்ணைப் பார்த்து, பென்சிலால் நோட்டில் எழுதிக்கொள்வாள். பதினாறு வருஷத்தில் ஒரு எண்கூடத் தப்பானதில்லை என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அவளை நிற்க வைத்துத்தான் சொல்வார்கள்.

நான் பட்டம் வாங்கிய பிறகு ஒன்றரை வருஷமாக அவள் வீட்டில் இருந்து வேலை தேடுகிறேன். படித்தது இயந்திரவியல். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக் கட்டடத்துக்குள் படிக்கப் போன முதல் ஆள் நான். எனக்கு முன்னால் பெரியப்பா போயிருக்கிறார், வெள்ளையடிக்க. அதனால் வீட்டில் எது நின்றுபோனாலும், "இன்ஜினியரம்மா, என்னன்னு பாரு" என்பாள் சித்தி. நானும் பார்ப்பேன். பார்ப்பது மட்டும் எனக்கு நன்றாக வரும்.

அவள் சைக்கிளைத் தானே பழுது பார்க்க ஆரம்பித்ததற்குப் பெரிய லட்சியம் எதுவும் காரணமில்லை. பஞ்சர் ஒட்டக் கொடுத்தால் சைக்கிள் கடைக்காரர் காலையில் "சாயங்காலம் வாம்மா" என்பார், சாயங்காலம் "காலையில வாம்மா" என்பார். இரண்டு நாள் தொண்ணூறு வீட்டுக்கும் நடந்தே போனாள். மூன்றாம் நாள், அவர் தொட்டுக்கூடப் பார்க்காத சைக்கிளைத் திரும்ப வாங்கி, இரண்டு மாடி தூக்கிக்கொண்டு வந்து, கூடத்தில் செய்தித்தாள் விரித்துத் தலைகீழாக நிறுத்தினாள்.

முதல் பஞ்சரை மூன்று முறை ஒட்டினாள். ஒட்டுவாள், மறுநாள் காற்று இறங்கியிருக்கும், அதே இடம். முதலில் சொல்யூஷனைத் திட்டினாள், பிறகு ரோட்டை, பிறகு கடைக்காரரை. மூன்றாம் தடவை டயருக்குள் விரலை விட்டுத் தடவியபோது முள் குத்தியது. ரத்தம் வந்த விரலைப் பரிசு வாங்கியவள் மாதிரி தூக்கிக் காட்டினாள்.

"ஓட்டையை மட்டும் அடைச்சா போதாது போல. முள்ளையும் எடுக்கணும்."

ஏற்கெனவே தெரிந்தவள் போலத் தலையாட்டினேன்.

அடுத்த மாதம் பிரேக்கைக் கழற்றி மாட்டினாள். ஒரு வாஷர் மிஞ்சியது. "கம்பெனிக்காரன் ஞாபகமறதில ரெண்டு போட்டிருப்பான்" என்று அதை அஞ்சறைப் பெட்டியில் போட்டுவைத்தாள். பிரேக் என்னவோ பிடித்தது.

கைவேலை பழகினால் தன்னம்பிக்கை வரும் என்பார்கள். சித்திக்கு வந்த நம்பிக்கை சைக்கிளைத் தாண்டி ஒரு அடி நகரவில்லை. அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்தில் அறிவித்தார்கள்: ஒன்றாம் தேதியிலிருந்து நோட்டு கிடையாது, கையில் பிடிக்கிற மெஷின் தருவோம், அதில் மீட்டரைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், அதற்கான பயிற்சிக்கு வராதவர்களுக்கு வேலை இல்லை. சித்தி ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.

"நின்னுடலாம்னு இருக்கேன்" என்றாள். "வேற எங்கயாவது கூட்டிப் பெருக்கப் போறேன்."

சூப்பர்வைசரே ஒரு வழி சொன்னார். வீட்டில் படித்தவர்கள் யாராவது இருந்தால் பயிற்சிக்குக் கூட்டி வரலாம். சித்திக்கு உயிர் வந்தது. "என் அக்கா பொண்ணு இன்ஜினியர்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

பயிற்சிக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. இடது பெடல் ஆடியது. சித்தி ஸ்பானரோடு உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கம்டி திருப்பணும்?"

"வலது பக்கம். வலது பக்கம் திருப்பினா எதுவா இருந்தாலும் இறுகும்" என்றேன், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பல்லைக் கடித்துத் திருப்பினாள். "நல்லா அழுத்து சித்தி" என்று ஊக்கமும் கொடுத்தேன். பெடல் தரையில் விழுந்தது.

"இறுகிடுச்சா?" என்றேன்.

"கழண்டு விழற அளவுக்கு இறுகிடுச்சு."

திரும்ப வைத்து, நான் சொன்னபடியே வலது பக்கம் திருப்பினாள். பிடிக்கவே இல்லை. நான் எழுந்து வந்து பார்த்துவிட்டு, மரை தேய்ந்துவிட்டது, அந்தப் பக்கமே புதிதாக மாற்ற வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். சித்தி பெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு விரலால் இடது பக்கம் சுற்றினாள். வெண்ணெயில் போகிற மாதிரி உள்ளே போனது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஆமா சித்தி, இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். மிதிக்கிறப்ப கழண்டுடக் கூடாதுன்னு. எங்களுக்குப் பாடத்துலயே இருந்துச்சு."

"பரீட்சையில கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"எழுதினியா?"

"எழுதினேன். முழு மார்க்."

சித்தி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைக் கொஞ்ச நேரம், மீட்டரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நாளைக்கு நீ வர வேணாம். நானே போய்க்கறேன்."

"சித்தி, மெஷின் வேற, இது வேற."

"தப்பா சொன்னப்பகூட நீ எவ்ளோ தைரியமா சொன்ன. தெரியாம தைரியமா இருக்க எனக்கும் வரும்டி."

போனாள். சாயங்காலம் மெஷினோடு வந்தாள். அங்கே என்ன கேட்டார்கள் என்றேன்.

"அவங்க ஒண்ணும் கேக்கல. நான்தான் கேட்டேன், தப்பா அமுக்கிட்டா எப்படித் திரும்பி வர்றதுன்னு. சொல்லிக் குடுத்த தம்பிக்கே தெரியல. யாருக்கோ போன் போட்டான். அதுவரைக்கும் எனக்கு நாற்காலி போட்டாங்க."

முதல் நாள் அவள் அனுப்பிய தொண்ணூறு படங்களில் ஆறில் அவள் கட்டைவிரல்தான் தெளிவாக விழுந்திருந்தது. பதினாறு வருஷத்தில் முதல் தப்பு. சூப்பர்வைசர் போனில் கத்தியது எனக்கே கேட்டது. "சரி சார், நாளைக்குப் போய் எடுத்துடறேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். முன்பெல்லாம் அவர் தும்மினாலே இவளுக்குச் சோறு இறங்காது.

வேலை நிலைத்துவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லோரும், படித்த பெண் வீட்டில் இருந்தால் எவ்வளவு உதவி என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் பொய்யும் இல்லை. நான் சரியாகச் சொல்லியிருந்தால் அவள் வேலையை விட்டிருப்பாளோ என்னவோ.

ஒரு நாள் காலையில் சித்தி வாசலில் நின்று கூப்பிட்டாள். "சும்மாதானே இருக்க, வா. ஒரு கையில மெஷினை வெச்சுக்கிட்டு மூடியைத் தூக்க முடியல."

போனேன். முதல் வீட்டில் குழியின் இரும்பு மூடியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். சித்தி குனிந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லு. உன் நிழல் விழுது."