மீட்டர் பெட்டியில் ஓர் ஆக்கிரமிப்பு

எங்க வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸ்ல சர்வேயரா இருந்தவர். சங்கரன்கோவிலைச் சுத்தி இருக்கிற காடுகரையெல்லாம் வெயில்ல நடந்து நடந்து அளந்தவர். ரிட்டையர் ஆன மறுநாள் வராந்தாவுல ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "நடந்தது போதும்ட்டி, இனிமே காபி வேணும்னாலும் இங்கனயே கொண்டு வா" என்றார். ஏதோ ஒரு வாரம் ஆசைக்கு உட்காரட்டும்னு நானும் விட்டுட்டேன். நாற்காலிக் கால் நாலும் தரையில தடம் பதியுற அளவுக்கு உட்கார்ந்துட்டார்.

அப்புறம் ஒருநாள் நெஞ்சு வலி. திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போயி, ரத்தக் குழாய்ல அடைப்பை எடுத்து, உயிரோட திருப்பிக் கொடுத்தாங்க. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "தினமும் காலையில நடக்கணும்மா. உட்கார்ந்தே இருந்தா மறுபடி இங்கதான் வருவார். அடுத்த தடவை என்னால ஒண்ணும் உறுதி சொல்ல முடியாது" என்றார். வீடு வந்து சேர்றவரைக்கும் நான் முந்தானையால வாயைப் பொத்திட்டு அழுதேன். இந்த மனுசர் ஜன்னல் வழியா வெளிய பார்த்துட்டு, "அந்த வரப்பு வளைஞ்சு போயிருக்கு பாரு, எவனோ தள்ளிப் போட்டிருக்கான்" என்கிறார்.

நடக்க வைக்க நான் செய்யாத கூத்து இல்லை. கெஞ்சினேன், ஏசினேன், சாப்பாட்டை மாடியில கொண்டு போயி வச்சேன். பசியோட இருந்துட்டாரே ஒழிய மாடி ஏறலை. நாற்காலியை ஒளிச்சு வச்சா வாசப்படியில உட்கார்ந்தார். எனக்கு வந்த கோவத்துக்கு அவரையே தூக்கி ரோட்டுல நிறுத்தியிருப்பேன், என் முழங்கால் மட்டும் நல்லா இருந்திருந்தா.

அந்த நாற்காலிக்கு எதிர்த்தாப்புல, சுவர்ல, பழைய மரப்பெட்டிக்குள்ள எங்க கரண்டு மீட்டர். அதுக்குள்ள கொசுத்தேனீ கூடு கட்டியிருந்துச்சு. பேரு தேனீயே தவிர பார்க்க கொசு கணக்கா கருப்பா, பொடிசா இருக்கும். கொட்டாது, கொடுக்கே கிடையாது. ஆனா தலைமுடிக்குள்ள புகுந்துச்சுன்னா சிக்கிட்டு உயிரை எடுத்துரும். பெட்டி இடுக்குல விரல் மொத்தத்துக்கு ஒரு மெழுகுக் குழாய் நீட்டி வச்சிருக்கும், அதுதான் வாசல். மீட்டர் பாக்க வர்ற பையன் அந்தக் குழாயைப் பார்த்தாலே நாலடி தள்ளி நின்னு எட்டிப் பார்ப்பான். கரண்டு ஆபீஸ்ல பெட்டியை மாத்தித் தாங்கன்னு சொல்லி வச்சேன். வாரோம்னாங்க. வரலை.

சரி, அம்பாள்கிட்ட சொல்லிப் பார்ப்போம்னு கோயிலுக்குப் போனேன். எங்க ஊர்ல வீட்டுக்குள்ள பாம்பு வந்தா, தேள் வந்தா, அந்த உருவம் அடிச்ச தகட்டை வாங்கி உண்டியல்ல போட்டு வேண்டிக்கிட்டா தொல்லை விலகிரும். தகட்டுக் கடைக்காரரு எல்லாத்தையும் எடுத்துப் போட்டார். பாம்பு இருந்துச்சு, தேள் இருந்துச்சு, பல்லி, கண்ணு, கை, கால் எல்லாம் இருந்துச்சு. தேனீ இல்லை.

"தேனீயெல்லாம் யாரும் கேக்கதில்லையே மதினி. தேளைக் கொண்டு போங்க" என்றார்.

"எங்க வீட்டுல தேளே கிடையாது அண்ணாச்சி. தேளைப் போட்டா அம்பாளுக்குக் குழப்பம் வராதா?"

அவரு ஒரு ஆணியை எடுத்து அந்தத் தேளோட முதுகுல ரெண்டு றெக்கை கீறிக் கொடுத்தார். "இப்ப சரியா இருக்கா?" சரியா எங்க இருந்துச்சு, பறக்கிற தேள் மாதிரி அதைவிடப் பயங்கரமா இருந்துச்சு. ஆனாலும் வாங்கிட்டேன். உண்டியல்ல போடுறதுக்கு முன்னால அம்பாளுக்கு நேரா நின்னு, "தாயே, இது தேள் இல்ல, தேனீ. எங்க வீட்டு மீட்டர் பெட்டியில இருக்கிறது" என்று விலாவாரியாச் சொல்லிட்டுத்தான் போட்டேன். பக்கத்துல நின்ன பொம்பளை என்னை ஒரு மாதிரியாப் பார்த்தா.

ஒண்ணும் நடக்கலை. கூடு இருந்த இடத்துலயே இருந்துச்சு, எங்க வீட்டுக்காரரும் இருந்த இடத்துலயே இருந்தார். வேற பார்க்க ஒண்ணும் இல்லாததனால அவரு அந்த மீட்டர் பெட்டியையே பார்க்க ஆரம்பிச்சார்.

ஒருநாள் காலையில நான் தண்ணி தெளிச்சுட்டு இருக்கேன், "ஏட்டி, இங்க வா. இது கால்ல என்ன?" என்றார். குனிஞ்சு பார்த்தேன். குழாய்க்குள்ள போற ஒவ்வொரு பூச்சியோட பின்னங்கால்லயும் கடுகுல பாதி இருக்கும், ஒரு உருண்டை. ஒண்ணுக்கு மஞ்சள், ஒண்ணுக்கு வெள்ளை. "பூவுல இருக்கிற பொடி. இதுக்குச் சோறே அதுதான். தேன் குடிக்கும், ஆனா வளருற குஞ்சுக்கு இந்தப் பொடிதான் ஆகாரம்" என்றார். எதுல படிச்சாரோ. அந்த நேரம் பார்த்து ஒரு பூச்சி ரெண்டு கால்லயும் பளிச்சுனு ஆரஞ்சு நிறத்துல உருண்டையைத் தூக்கிட்டு உள்ள போச்சு. அவரு நாற்காலி நுனிக்கு வந்துட்டார்.

"மஞ்சள் முருங்கையா இருக்கும். வெள்ளை தென்னை. இந்த ஆரஞ்சு எங்கன இருந்து வருது?"

"எங்கன இருந்தோ வருது. காபி ஆறுது, குடிங்க."

"இது ரெண்டு மூணு தெருவுக்கு மேல போகாதுட்டி. இங்கனதான் எங்கயோ இருக்கு." சொல்லிட்டு எழுந்திரிச்சார். செருப்பை மாட்டினார். கேட்டைத் திறந்து வெளிய போனார். என் கையில இருந்த செம்பு நழுவிருச்சு.

அன்னையிலிருந்து தினமும் காலையில கிளம்பிருவார். பூச்சி வெளிய வந்து எந்தப் பக்கம் திரும்புதுன்னு பார்த்து, அந்தப் பக்கம் நடப்பார். இவை காலையிலதான் பொடி எடுக்குமாம், வெயில் ஏறினா பொடியை விட்டுட்டு தேனுக்கும், கூடு பூசுற பிசினுக்கும் போயிருமாம். அதனால சீக்கிரமே போகணுமாம். டாக்டர் சொன்ன நேரமும் அதுதான். நான் வாயைத் திறக்கலை. திறந்தா எங்க திரும்பி வந்து உட்கார்ந்துருவாரோன்னு பயம்.

ஆனா ஊரு சும்மா இருக்குமா? ரிட்டையர் ஆன சர்வேயர் ஒவ்வொரு தெருவா நின்னு, கண்ணைச் சுருக்கி, காம்பவுண்டுச் சுவருக்கு மேல எட்டிப் பார்க்கிறார். ஜனங்க என்ன நினைப்பாங்க? ஆக்கிரமிப்பை எடுக்கப் போறாங்கன்னு தெருவே கலங்கிப் போச்சு. எதிர்வீட்டுக்காரி சாக்கடைக்கு மேல நீட்டிக் கட்டியிருந்த படிக்கட்டை ஆளை வச்சு உடைச்சுட்டா. பின்தெருவுல ஒருத்தர் ரோட்டுல கட்டியிருந்த மாட்டை வீட்டுக்குள்ள கொண்டு போயி கட்டிட்டார். தென்னைமரத்தடியில நின்னு இவரு பாளையை அண்ணாந்து பார்த்ததுக்கு, அந்த வீட்டுக்காரர் மாலையில ஒரு குலை இளநீரோட எங்க வாசல்ல வந்து நின்னார். "மரம் எங்க இடத்துலதான் இருக்கு மதினி, கொஞ்சம் சாஞ்சிட்டு, அவ்வளவுதான். அண்ணாச்சிகிட்ட சொல்லுங்க."

"அவரு பூவைத்தான் பார்த்தாரு" என்று எத்தனை தடவை சொன்னாலும் ஒருத்தரும் நம்பலை. பூவைப் பார்க்க ஒரு சர்வேயர் எதுக்கு?

ஒரு புது இரும்புக் கேட்டுக்காரர் மட்டும் நிஜமாவே சண்டைக்கு வந்தார். பச்சைப் பெயிண்டு ஈரமா இருக்கும்போது எங்க வீட்டுப் பூச்சியெல்லாம் போயி பிசினுன்னு நினைச்சு அதைச் சுரண்டியிருக்கு. கேட்டு முழுக்கப் புள்ளி புள்ளியா இருந்துச்சு. இவரு அந்தக் கேட்டு முன்னால சந்தோசமா நின்னு, "பச்சை உருண்டை எங்கன இருந்துன்னு பார்த்தேன், இதுதானா!" என்றார்.

ஆரஞ்சு கடைசியா அகப்பட்டுச்சு. மேற்கே, தறிக்கூடம் ஒண்ணோட மாடியில, உடைஞ்ச வாளியில செண்டுமல்லிப் பூ. தறிக்காரர் கையைக் கட்டிட்டு நிக்க, இவரு மாடிப்படி மொத்தமும் ஏறி, பூவுக்குள்ள புரண்டு எழுந்திரிக்கிற பூச்சியைப் பார்த்துட்டு வந்தார். மாடி ஏறினாரு. நான் சோத்தைக் கொண்டு போயி வச்சும் ஏறாத மனுசர். அடுத்த தடவை திருநெல்வேலி போனப்ப டாக்டர் காகிதத்தையெல்லாம் பார்த்துட்டு, "என்ன பயிற்சி செய்யுறீங்க?" என்று கேட்டார். "தேனீ பின்னால போறேன்" என்றார் இவர். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமான்னு தலையை ஆட்டினேன்.

அந்த சந்தோசம் தீரலை, கரண்டு ஆபீஸ்ல இருந்து லைன்மேன் வந்து நிக்கிறார். "நீங்க கேட்டீங்கல்லா, புது மீட்டரும் புதுப் பெட்டியும். நாளைக்குக் காலையில மாத்திருவேன்."

நான் ஆபீஸ்ல சொன்னதைக் கூட விடுங்க, அம்பாள்கிட்ட சொன்னதை எப்படித் திருப்பி வாங்குறது? அன்னைக்குச் சாயங்காலமே தகட்டுக் கடைக்கு ஓடினேன். "அண்ணாச்சி, அந்தத் தேனீ வேண்டுதலை ரத்து செய்யணும்."

அவரு கடை வச்ச காலத்துல இப்படி யாரும் கேட்டதில்லையாம். ரொம்ப நேரம் தாடையைச் சொறிஞ்சுட்டு, இன்னொரு தேளை எடுத்து றெக்கை கீறினார். "இதைத் தலைகீழாப் போடுங்க. முன்னால சொன்னது வேண்டாம்னு அர்த்தம்."

தலைகீழா உண்டியலுக்குள்ள விட்டேன். "தாயே, பூச்சி இருக்கட்டும். அதை நம்பித்தான் அவரு நடக்காரு" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துருச்சு.

மறுநாள் லைன்மேன் தலையில ஹெல்மெட், மூஞ்சியைச் சுத்தித் துண்டு கட்டிட்டு வந்தார். கொட்டாதுன்னு சொன்னா நம்பலை. பியூஸைப் பிடுங்கிட்டுப் பெட்டியைத் திறந்தார். தெருவே எட்டிப் பார்த்துச்சு. உள்ள மிளகு மிளகா அடுக்கி வச்ச மாதிரி குஞ்சு அறை, அதைச் சுத்தி திராட்சைக் கொத்து கணக்கா மெழுகுப் பானைகள். தேன் பானை ஒரு பக்கம், பொடிப் பானை ஒரு பக்கம். ஒரு பானை உடைஞ்சு மஞ்சளும் ஆரஞ்சும் வரிவரியாத் தெரிஞ்சுச்சு. தோசைமாவு மாதிரி புளிச்ச வாடை அடிச்சுச்சு.

"பழைய மீட்டரை நான் ஆபீஸ்ல ஒப்படைக்கணும் சார். பாதிக் கூடு அது மேல இருக்கே" என்றார் லைன்மேன்.

எங்க வீட்டுக்காரர் உள்ள போயி சாக்பீஸும் ஸ்கேலும் எடுத்துட்டு வந்தார். "மீட்டர் உங்களுது. பெட்டி என்னுது. எல்லையைப் பார்த்துருவோம்" என்றார். ரெண்டு பேரும் குனிஞ்சு, கூடு மீட்டர்ல ஒட்டியிருக்கிறது எங்க முடியுதுன்னு பார்த்துக் கோடு போட்டாங்க. நிலம் அளக்க நிக்கும்போது அவரு குரல் எப்படி இருக்குமோ அப்படியே இருந்துச்சு. "இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அரசாங்க இடத்துல ஆக்கிரமிப்பு. எடுத்துருவோம்."

எதிர்வீட்டுக்காரிக்குத் தாங்கலை. "என் படிக்கட்டு போச்சு, பூச்சிக்கு மட்டும் பட்டாவா அண்ணாச்சி?" என்றாள். சிரிக்காம நிக்க நான் ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

மீட்டர் மேல இருந்த பாதிக் கூட்டை என் தோசைக் கரண்டியால அலுங்காம எடுத்து, மீதியோட சேர்த்துப் பழைய பெட்டிக்குள்ளயே வச்சோம். மூடி, வராந்தா ஆணியில தொங்க விட்டோம். புது மீட்டர் பளபளன்னு சுவர்ல ஏறிருச்சு.

மறுநாள் ஒரு பூச்சிகூட வெளிய வரலை. அதுக்கு அடுத்த நாளும் வரலை. பயந்துபோயி, குழாய் வாயை மெழுகு வச்சு அடைச்சுட்டு உள்ள இருந்துச்சு. இவரும் நாற்காலியில உட்கார்ந்துட்டார். அதே நாற்காலி, அதே தடம். "எழுந்திரிங்க, சும்மாவாவது போயிட்டு வாங்க" என்றேன். "எங்க போறது?" என்றார். அந்தக் கேள்வி எனக்கு நெஞ்சுக்குள்ள போயி உட்கார்ந்துச்சு. டாக்டர் சொன்னது காதுல கேட்டுச்சு. ராத்திரி முழுக்க அவரு மூச்சு விடுறதையே கவனிச்சுட்டுப் படுத்திருந்தேன்.

காலையில எழுந்திரிச்சதும் வராந்தாவுக்குப் போனேன். அவரு உட்கார்ந்திருந்தார். நான் பெட்டியைப் பார்த்துட்டு, "ஏங்க, இப்பதான் ஒண்ணு வெளிய போச்சு. நான் என் கண்ணால பார்த்தேன்" என்றேன்.

அவரு குழாயைப் பார்த்தார். வாய் மெழுகால அடைச்சபடி அப்படியேதான் இருந்துச்சு, ஊசி நுழைய இடம் இல்லை. என்னைப் பார்த்தார். நான் முழங்காலுக்கு எண்ணெய் போட்டு, பழைய செருப்பை மாட்டிட்டுத் தயாரா நின்னேன்.

"எந்தப் பக்கம் போச்சு?" என்றார்.

"மேக்க."

"அப்ப செண்டுமல்லிப் பூவுக்குத்தான் போயிருக்கும்" என்று சொல்லிட்டு எழுந்திரிச்சார். தறிக்கூடம் வரைக்கும் போயிட்டு வந்தோம். எனக்காக நின்னு நின்னுதான் நடந்தார். திரும்பி வந்து பார்த்தா குழாய் அடைச்சேதான் இருந்துச்சு.

மறுநாளும் குழாய் வாய் மெழுகோடதான் இருந்துச்சு. நான் கோலம் போட்டு முடிக்கலை, அதுக்குள்ள அவரு செருப்போட வாசல்ல வந்து நின்னார்.

"ஏட்டி, ஒண்ணு கிழக்க போயிருக்கு" என்றார். "நான் பார்த்தேன்."