ஒத்தைக் கோடும் தேதியும்

ரியல் அனாலிசிஸ்னு ஒரு பேப்பர். அதக் கண்டுபுடிச்ச ஆளு எதுர்ல வந்தா நாலு கேள்வி நறுக்குன்னு கேட்டிருப்பேன். எங்க தென்றலை மூணு தடவ ஃபெயிலாக்கின பேப்பர் அது. பி.எஸ்சி. கணக்குல மத்த எல்லாத்தையும் முடிச்சுட்டா, இது ஒண்ணுதான் பாக்கி. படிப்பு முடிஞ்சு ரெண்டு வருஷத்துக்குள்ள அரியரை எழுதி பாஸாவணும்னு அவ பல்கலைக்கழகத்துல ரூல். போன நவம்பர்தான் கடைசி. அதுலயும் போச்சுன்னா மூணு வருஷம் படிச்சதுக்கு டிகிரியே கிடையாது, வெறும் ப்ளஸ் டூதான்.

நான் ரஞ்சனி. ஒரகடத்துல பிரேக் பார்ட்ஸ் செய்யற கம்பெனில இன்ஸ்பெக்‌ஷன் டேபிள். பதினோரு வருஷ சர்வீஸ். எனக்கு வாய் ஜாஸ்தின்னு எந்த சூப்பர்வைசரைக் கேட்டாலும் சொல்வான். தென்றல் எனக்குப் பக்கத்து ஸ்டூல். ஊரு சேரப்பணஞ்சேரி, அவங்க அப்பா நடேசன் வேற ஒரு கம்பெனில செக்யூரிட்டி. தென்றல் நாலாவது தடவ எழுதப் போறாங்கறதே வூட்ல தெரியாது. பொண்ணு எப்பவோ பாஸாயிட்டான்னு நெனச்சுகினு இருந்தாரு அந்த மனுஷன். இவ பொய் சொல்லல, அவரு கேக்கல. ஆனா அது அவள உள்ளுக்குள்ள அரிச்சுகினே இருந்துச்சு.

ஒரு நா கேட்டேன், "இன்னாடி கீது அந்தப் பேப்பர்ல?"

"அக்கா, கஸ்டமர் பன்னெண்டு மில்லிமீட்டர்ல ஓட்டை கேக்கறான். கூடக் கொறைய எவ்ளோ இருக்கலாம்னு அவன்தான் சொல்லுவான். அவன் எவ்ளோ சின்னதா சொன்னாலும், மிஷினை இப்படி செட் பண்ணா அதுக்குள்ள வந்துடும்னு நாம காட்டணும். அதுதான் லிமிட்."

"இதுக்கு ஒரு பேப்பரா?"

"காட்டறதுதான்க்கா கஷ்டம். ஒரு வரிக்கு அப்புறம் அடுத்த வரி ஏன் வருதுன்னு சொல்லியாவணும். சும்மா தாவக் கூடாது."

எனக்கு பத்தாவதுல கணக்குல முப்பத்தாறு மார்க். ஆனா அவ சொன்னது புரிஞ்சுது. டீ பிரேக்குல வடையக் கூட ஒரு கையில வெச்சுகினு இன்னொரு கையால எழுதுவா. கம்பெனிய விட்டுப் போறதுக்கோ, சம்பளம் ஏத்தறதுக்கோ இல்ல. அவளுக்கு நெஜமாவே அது பிடிச்சிருந்துச்சு. மேல எம்.எஸ்சி. சேரணும்னு ஆசை.

இப்ப எங்க டேபிள் பழக்கம் ஒண்ண சொல்லணும். அளந்த அளவை செக் ஷீட்ல எழுதுவோம். தப்பா எழுதிட்டா ஒயிட்னர் தொடக் கூடாது, கிறுக்கி மறைக்கவும் கூடாது. தப்பு மேல ஒத்தைக் கோடு, தப்பு இன்னாதுன்னு கோட்டுக்கு அடியில படிக்கத் தெரியணும். பக்கத்துல சரியானதை எழுதி, இனிஷியல் போட்டு, தேதி போடணும். ஆடிட்டுக்கு வர்றவங்க மொதல்ல தேடறது அதத்தான். சேர்ந்த புதுசுல நாங்க எல்லாம் திட்டு வாங்குவோம். மூணு மாசத்துல மூளைய கேக்காமலே கை அதைச் செய்யும். நான் மளிகை சீட்டுல பருப்பை அடிச்சுட்டு இனிஷியல் போட்டவ, வேற இன்னா சொல்ல!

பரீட்சை காலைல பத்துக்கு. எங்களுக்கு செகண்ட் ஷிஃப்ட். ஸ்ரீபெரும்புதூர்ல எழுதி முடிச்சு நேரா கம்பெனிக்கு வந்துட்டா. மொகம் பளிச்சுன்னு இருந்துச்சு. "அக்கா, எல்லாத்தையும் எழுதிட்டேன். நடுவுல ரெண்டு மூணு எடத்துல தப்பாப் போயி, திரும்பிக் கண்டுபுடிச்சு சரி பண்ணிட்டேன். இந்தத் தடவ பாஸ்தான்." நான் கேன்டீன்ல கேசரி வாங்கித் தந்தேன்.

நாலு மணி இருக்கும். செக் ஷீட்ல ஒரு அளவை மாத்தி எழுதிட்டா. கோடு போட்டா, சரியானதை எழுதினா, இனிஷியல் போட்டா. தேதி போட ஆரம்பிச்ச பேனா பாதியில நின்னுடுச்சு.

"அக்கா."

"இன்னாடி?"

"ஆன்சர் பேப்பர்லயும் இப்படித்தான் போட்டேன்."

எனக்கு ஒரு நிமிஷம் வெளங்கல. விடைத்தாள் மொத பக்கத்துலயே கொட்ட எழுத்துல இருக்குமாம், உள்ள பேரு, கையெழுத்து, அடையாளம் எதுவும் இருக்கக் கூடாதுன்னு. திருத்தறவருக்கு இது யாரு பேப்பர்னு தெரியக் கூடாதாம். தெரியற மாதிரி குறி வெச்சா முறைகேடு. இவ நாலு எடத்துல "ந.தெ."ன்னு போட்டு, தேதியும் போட்டுட்டு வந்திருக்கா!

"நாளைக்கே போயி சொல்லிடறேன்க்கா. பழக்கத்துல போட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துடறேன்."

"அடிப்பாவி, வாய மூடு. திருத்தறவங்க ஆயிரம் பேப்பர் பாக்கறாங்க, உன் இனிஷியலையா பாக்கப் போறாங்க? நீயா போயி மாட்டிக்காத."

அவ கேக்கல. நான் விடல. ரெண்டு நா சண்ட. கடைசில என் வாய்தான் ஜெயிச்சுது. அந்தப் பாவம் எனக்குத்தான்.

ரிசல்ட் வந்துச்சு. எல்லாருக்கும் மார்க், இவளுக்கு மட்டும் "நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது". ஒரு வாரத்துல கடுதாசி. விசாரணைக் குழு முன்னாடி வரணும், ரத்த சம்பந்தமான காப்பாளர் ஒருத்தர் கூட வரணும். அவ சாப்பாட்டத் தொடல. கேன்டீன்ல செவத்தப் பாத்து ஒக்காந்திருந்தா.

"அப்பாவ கூட்டிகினு போறேன்க்கா."

"ஒங்கப்பாவுக்கு அரியர்னே தெரியாது. இதுல முறைகேடுன்னு வேற கேட்டா அந்த மனுஷன் நெஞ்சப் புடிச்சுப்பாரு. நான் வரேன். பெரியம்மா பொண்ணுன்னு சொல்லிக்கலாம்."

சென்னைல அந்த ஆபீஸ் வராண்டாவுல பத்து மணிக்கே ஒக்காந்துட்டோம். எங்களுக்கு முன்னால ஒரு பையன் உள்ள போயிட்டு அழுதுகினே வந்தான். கலைமணின்னு ஒரு கிளார்க், டைப் பண்ண தாள் ஒண்ண நீட்டினாரு.

"இதுல கையெழுத்துப் போட்டு உள்ள எடுத்துட்டுப் போங்கம்மா. எல்லாரும் போடறதுதான். ஒத்துக்கிட்டா இந்தப் பேப்பரை மட்டும் கேன்சல் பண்ணிட்டு, இன்னொரு சான்ஸுக்கு சிபாரிசு பண்ணுவாங்க. வாதாடினா ரூல்படி மூணு வருஷம் எழுதவே முடியாது. உங்களுக்கு இது கடைசி சான்ஸ் வேற."

அதாவது டிகிரி போச்சு. தாளை வாங்கிப் படிச்சேன். "திருத்துபவருக்கு என்னை அடையாளம் காட்டும் நோக்கத்துடன் தெரிந்தே குறியிட்டேன். மன்னிக்க வேண்டுகிறேன்." கீழ "உடன் வந்தவர்: சகோதரி"ன்னு கலைமணி பேனாவுல எழுதி வெச்சிருந்தாரு, நான் சொன்னதக் கேட்டு.

"போட்டுடு கண்ணு," ன்னேன். "ஒரு கையெழுத்து. ஏப்ரல்ல திரும்ப எழுதிக்கலாம். ஒன் கால்ல வேணா உழறேன்."

தென்றல் பேனாவ வாங்கினா. உள்ளேயிருந்து கூப்புட்டாங்க. நடந்துகினே எதையோ எழுதினா, கதவுகிட்ட நின்னு கையெழுத்தும் போட்டா. அப்பாடான்னு எனக்கு உசுரு வந்துச்சு.

உள்ள மூணு பேரு. நடுவுல இருந்த மேடம்தான் தலைவர். கணக்கு புரபசராம். தாளை வாங்கிப் பாத்தாங்க. கண்ணாடியக் கழட்டிட்டு திரும்பவும் பாத்தாங்க.

"இது என்னம்மா?"

எட்டிப் பாத்தேன். போச்சுடா சாமி! "திருத்துபவருக்கு என்னை அடையாளம் காட்டும் நோக்கத்துடன்" மேல ஒத்தைக் கோடு. "தெரிந்தே" மேல கோடு, பக்கத்துல "தெரியாமல்". இனிஷியல், தேதி. அதோட விட்டாளா? "சகோதரி" மேலயும் கோடு போட்டு "உடன் வேலை செய்பவர்"னு எழுதி, அதுக்கும் இனிஷியல், தேதி.

தென்றல் தாளைப் பாத்தா. அப்புறம்தான் அவளுக்கே ஒறைச்சுது. "மேடம், தப்பா இருந்ததை அடிச்சேன். இனிஷியல் வேணும்னு போடல. கை போட்டுடுச்சு."

"அப்ப இவங்க உன் அக்கா இல்லையா?" பக்கத்துல இருந்த சார் பேனாவ என் பக்கம் நீட்டினாரு. "பொய் சொல்லி உள்ள வந்திருக்காங்க. இதுவே தனி கேஸ் தெரியுமா?"

எனக்கு வந்த கோவத்துல அவளை அங்கயே ரெண்டு சாத்து சாத்தியிருப்பேன். அவளுக்காகத்தானே பொய் சொன்னேன்! ஆனா வாய் அதுவா பேசிடுச்சு.

"ஆமா சார், பொய்தான். கூட வேலை செய்யறவ. இன்னொண்ணும் சொல்லிடறேன். அன்னிக்கே வந்து சொல்லிடறேன்னுதான் இந்தப் பொண்ணு துடிச்சுது. நான்தான் வேணாம்னு வாய அடைச்சேன். தண்டனை குடுக்கறதுன்னா எனக்குக் குடுங்க. இது அளவு எடுத்தா அளவு சரியா இருக்கும் சார். எங்க கம்பெனில வந்து கேளுங்க."

செக் ஷீட் பழக்கத்தையும் சொன்னேன், பருப்புக் கதை உட்பட. யாரும் சிரிக்கல. மேடம் விடைத்தாளை எடுத்து இந்தத் தாளுக்குப் பக்கத்துல வெச்சாங்க. நாலு எடத்தையும் ஒண்ணு ஒண்ணாத் திருப்பினாங்க. தென்றல் கை என் கையப் புடிச்சிருந்துச்சு.

"சார், திருத்தறவருக்கு ஆள் காட்டணும்னு நெனைக்கறவ தேதியை எதுக்குப் போடுவா?" ன்னாங்க மேடம். அந்த சார் பேனாவ கீழ வெச்சாரு. "வெளியில இருங்கம்மா."

ஒரு மணி நேரம் வராண்டாவுல நின்னோம். கலைமணி வந்து, எச்சரிக்கை குடுத்து பேப்பரைத் திருத்த அனுப்பறாங்கன்னு சொன்னாரு. பாஸா ஃபெயிலா, அது மார்க்கைப் பொறுத்ததாம்.

திரும்பி வர்ற பஸ்ல பூந்தமல்லி வரைக்கும் பொறுத்தேன். அதுக்கு மேல முடியல.

"'தெரிந்தே'ன்றத அடிச்ச, சரி. என்னை எதுக்குடி அடிச்ச? நான் உனக்கு அக்கா இல்லையா?"

"ரத்த சம்பந்தம்னு கேட்டிருந்தாங்கக்கா. இல்லியே." அவ்ளோதான் சொன்னா. ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன். எனக்கு வலிச்சுது, மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

பதினெட்டு நா கழிச்சு ஒரு மத்தியானம் மார்க் போடறதா சொன்னாங்க. எங்க லைன்ல போன் கூடாது, லாக்கர்லதான் இருக்கும். மொத ஷிஃப்ட், ரெண்டரை வரைக்கும் நின்னா. முந்நூத்து நாப்பது பீஸ் அளந்தா. ஒண்ணு கூட தப்பா எழுதல. மணி அடிச்சதும் லாக்கருக்கு ஓடினோம். பட்டனை அமுக்க அவளுக்கு வெரல் வரல, நான்தான் அமுக்கினேன்.

அம்பத்தெட்டு. பாஸ்.

லாக்கர் ரூம் தரையில ஒக்காந்து ஓன்னு அழுதா. நானும்தான். துணி மாத்த வந்தவளுங்க யாரோ செத்துட்டாங்கன்னு பயந்துட்டாளுங்க.

கண்ணத் தொடச்சுகினு வூட்டுக்கு போன் போட்டா. "பாஸ்னு மட்டும் சொல்லுடி, மத்தது எதுக்கு?" ன்னேன். தலைய ஆட்டினா, ஆனா மொதல்லேர்ந்து சொன்னா. மூணு தடவ ஃபெயிலானது, இனிஷியல், விசாரணை, எல்லாம். அப்புறம் நடேசன் ஏதோ கேட்டாரு.

"இல்லப்பா, தனியா போகல," ன்னா தென்றல். "யாரா? நம்ம வூட்ல இருந்துதான். அக்கா வந்துச்சு."