தாட்சாயணியின் டெக்குச் சபதம்

"டெக்கு வாடகைக்கு எடுத்துக்கினு போயி, ஒரு படத்தயாவது கடைசி வரைக்கும் பாக்காம திருப்பிக் குடுத்தன்னா, திருப்பதிக்குப் போயி மொட்டை போட்டுக்கறேன். எல்லாரும் கேட்டுக்கோங்க!"

நகரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த வெங்கடரமணனின் வீடியோ கடை வாசலில், தொண்ணூற்று மூன்றாம் வருஷம், இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தாட்சாயணி செய்த பிரகடனம் இது. தில்லியில் அப்போது நாட்டின் கதவுகளை உலகத்துக்குத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். தாட்சாயணியைப் பற்றி எழுத ஒருவரும் இல்லை. தேசத்துக்கு இது பெரிய நஷ்டம்.

கோவர்த்தனனின் விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றுவது அவள் வேலை. ஊடைக்கு வேண்டிய நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றிச் சுற்றித் தறிக்குத் தருவது. அதே கூடத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் சம்பத், நூல் விலை ஏறிய வருஷம் குவைத்துக்குப் போய் ஒரு பெரிய வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான்.

அந்நாளில் ஒரு கலர் டிவி, கேசட் ஓட்டும் டெக்கு, மூன்று படம், எல்லாம் சேர்த்து ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும். இன்று காலை பத்து மணிக்கு எடுத்தால் நாளை காலை பத்து மணிக்குத் திருப்ப வேண்டும். ஊரார் அதை எடுத்துப் போய், முதல் படத்தில் அழுது, இரண்டாவதில் சாப்பிட்டு, மூன்றாவதில் குறட்டை விட்டார்கள். கொடுத்த காசில் பாதி குறட்டைக்கே போயிற்று. தாட்சாயணி வீட்டில் அந்த ஊழல் கிடையாது. முந்தின நாளே புளிச்சோறு தயார். சாப்பாட்டுக்குப் பின் கண் சொருகும் வேளைக்கென்று சண்டைப்படம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதையும் மீறித் தூங்கியவர்களைத் தட்டி எழுப்ப விசிறிக்கட்டை இருந்தது.

வாடகைதாரர் உரிமை வரலாற்றில் அவள் வென்ற வழக்குகள் இரண்டு. முதலாவது, கரண்ட் வழக்கு.

"மத்தியானம் மூணு மணி நேரம் கரண்ட் இல்ல. மூணு மணி நேரம் கழிச்சிதான் திருப்பித் தருவேன்" என்றாள்.

"அம்மா தாட்சாயணி, கரண்ட் ஏமன்னா என் பாக்கெட்லயா கீது?" என்றார் வெங்கடரமணன். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

"தறிக்குக் கரண்ட் போனா எனக்குக் கூலி உண்டாண்ணா?"

"இல்ல."

"அப்ப டெக்குக்குக் கரண்ட் போனா உனக்கு வாடகை இன்னாத்துக்கு?"

நகரியில் பிறந்த மனிதனால் இந்த வாதத்துக்குப் பதில் சொல்ல முடியாது. பாதி ஊர் அந்தக் கூலிச் சட்டத்தின்கீழ்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வெங்கடரமணன் தோற்றார்.

இரண்டாவது, சுற்றல் வழக்கு. பார்த்த கேசட்டை முதலுக்குச் சுற்றித்தான் தர வேண்டும் என்று கடையில் அட்டை தொங்கியது. "பொழுதுக்கும் தார் சுத்தறேன். வாடகையும் குடுத்துட்டு உன் கேசட்டையும் சுத்தணுமா? போண்ணா" என்று மூன்று கேசட்டையும் கடைசியில் நின்றபடியே மேசைமேல் வைத்தாள். அன்றிலிருந்து அவள் திருப்பும் கேசட்டுகளை வெங்கடரமணனே சுற்றிக்கொண்டார். மேற்சொன்ன பிரகடனம் இந்த இரட்டை வெற்றியின் போதையில் செய்யப்பட்டது.

இந்த நிலையில்தான் வதந்தி வந்தது. குவைத்தில் சம்பத்துக்கு விபத்தாம், கால் போய்விட்டதாம். நாயுடுபேட்டையில் யாரோ சொன்னதாக எதிர்வீட்டுக் கல்பனா கொண்டுவந்தாள்.

"போட்டோ அனுப்பிக்கினுதானே கீறாரு?" என்றாள் தாட்சாயணி.

"எடுத்துப் பாரு. எல்லாம் இடுப்புக்கு மேலதான் கீது."

எடுத்துப் பார்த்தாள். எல்லாம் இடுப்புக்கு மேலேதான் இருந்தது. ஒன்றில் மட்டும் முழு ஆள் நின்றான். காருக்குப் பின்னால் நின்றான். போனில் கேட்டால் காலைப் பற்றி அவனாகவா சொல்வான்? அந்த வாரம் தாட்சாயணி சுற்றிய தார்கள் தறியில் அறுந்து அறுந்து விழுந்தன. கோவர்த்தனன் கண்டும் காணாதவராய் இருந்தார்.

பிறகு, குவைத்திலிருந்து விடுமுறையில் வந்த கங்கையா என்பவர் ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். சம்பத்தை யாரோ கேமராவில் படம் பிடித்திருந்தார்கள். தாட்சாயணி அன்றே டெக்கு எடுத்தாள். கடை விதிப்படி மூன்று படமும் பையில் வந்தன.

தெருவே வந்து உட்கார்ந்தது. கேசட் ஓடியது. காருக்குள் உட்கார்ந்திருந்தான் சம்பத்.

"இது ஏசி. இது பாட்டுப் பொட்டி. தாட்சா, நல்லா கீறியா? நான் நல்லா கீறேன்" என்று சிரித்தான். கதவு மார்பு வரை மறைத்தது. கண்ணாடியை ஏற்றினான், இறக்கினான். இறங்குகிற வழியாகக் காணோம்.

"உக்காந்துக்கினேதான் பேசறாரு பாரு" என்றாள் கல்பனா.

தாட்சாயணி விசிறிக்கட்டையை எடுத்தாள். யாரும் தூங்கவில்லை என்பதால் கீழே வைத்தாள்.

"சரி, கீழ எறங்குடா" என்றது கேமராக்காரன் குரல். சம்பத் கதவில் கை வைத்தான். கரண்ட் போயிற்று.

தெருவிலிருந்த தறிகளெல்லாம் ஒரே சமயத்தில் வாயடைத்தன. மின்சார இலாகாவுக்குக் கதை சொல்லத் தெரியாது என்று யாரும் குறை கூற வேண்டாம். கறுத்த டிவியின் முன்னால் தாட்சாயணி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். போன நேரத்தைக் குறித்துவைக்கும் வழக்கமுள்ளவள் கடிகாரத்தின் பக்கமே திரும்பவில்லை. யாரோ கொடுத்த டீ ஆடை கட்டியது. கல்பனாவே பொறுக்காமல், "நான் கேட்டது பொய்யா இருக்கும், அக்கா" என்றாள்.

கரண்ட் வந்தபோது தறிக்கு ஓட வேண்டியவர்கள் யாரும் ஓடவில்லை. கூப்பிட வந்த கோவர்த்தனனும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

கார்க் கதவு திறந்தது. ஒரு பளபளப்பான ஷூ தரையைத் தொட்டது. இரண்டாவது ஷூவும் தொட்டது.

அப்போது எழுந்த விசிலை எந்தக் கதாநாயகனின் அறிமுகக் காட்சிக்கும் நகரி கொடுத்ததில்லை.

"நட்ரா, நட்ரா!" என்று கத்தினார் கோவர்த்தனன். நடந்தான். சந்தையில் மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பதுபோல் கேமராக்காரன் இன்னொரு தபா நடக்கவைத்தான். கடைசியில் சம்பத் ஒரு குதி குதித்துக் காட்டினான்.

"நொண்டி எப்படிக் குதிக்கறான் பாத்தியாடி, கல்பனா!" என்றாள் தாட்சாயணி. சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள்.

பிறகு பட்டனை அழுத்திப் பின்னால் சுற்றினாள். கதவு திறந்தது, ஷூ தொட்டது. மறுபடி சுற்றினாள். தாமதமாக வந்தவர்களுக்காகச் சுற்றினாள், வந்து போனவர்களுக்காகச் சுற்றினாள், யாரும் இல்லாதபோது தனக்காகச் சுற்றினாள். வாடகை கொடுத்துவிட்டுச் சுற்றமாட்டேன் என்று வழக்காடி ஜெயித்த அதே கை.

மறுநாள் பத்து மணிக்கெல்லாம் கடையில் நின்றாள்.

"நேத்து கரண்ட் போச்சேம்மா? உன் சட்டப்படி மத்தியானம் வரைக்கும் வெச்சிக்கலாமே" என்றார் வெங்கடரமணன்.

"வேணாம்ணா. கேசட்டெல்லாம் பையில கீது, பாத்துக்கோ" என்று நடந்துவிட்டாள்.

சுற்றி வைக்கலாமென்று எடுத்தவர், கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். மூன்றிலும் டேப் முழுக்க இடது பக்கமே இருந்தது, அவர் கொடுத்தனுப்பியபடியே, ஒரு சுற்றுகூட ஓடாமல். வெங்கடரமணன் மூன்றையும் அலமாரியில் வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் திருப்பதி பஸ்ஸிலிருந்து தாட்சாயணி இறங்கினாள். முக்காட்டுக்குக் கீழே மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. புருஷனுக்காக வேண்டுதல் என்று தெரு கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவளும் ஆமாம் என்றாள்.

போகிற வழியில் வீடியோ கடையில் ஒரு லட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.