அணைய மறுத்த பெட்டி

எங்கள் தெருவை விட்டுப் போனவர்களின் முகங்கள் எல்லாம் அர்சேனியோ கியாலாவின் பின்னறையில் இருந்தன. மன்சானியோ ஊரில் பல வருடம் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு அலைந்தவர் அவர். பெண்பிள்ளைகளின் பதினைந்தாவது பிறந்தநாள், ஞானஸ்நானம், கல்யாணம், படகுக்குப் புதுப் பெயிண்ட் அடித்த விருந்து, எதையும் விட்டதில்லை. பிறகு வீடு வீடாக ஆட்கள் கிளம்பினார்கள். மொன்டேவிடியோ, டாம்பா, மாட்ரிட். அவர்கள் போனில் ஏற்றிக்கொண்டு போன படங்கள் ஆற்றைக் கடக்கையில் நனைந்தன, எல்லையில் திருடு போயின. அப்புறம் அர்சேனியோவைக் கூப்பிடுவார்கள்.

"அர்சேனியோ, என் அப்பா ஒரு கல்யாணத்துல ஆடினாரே, அது உங்ககிட்ட இருக்குமா?"

"எந்தக் கல்யாணம்? உங்கப்பா ஆடாத கல்யாணம் எங்க இருக்கு?"

முணுமுணுத்துக்கொண்டே தேடி எடுத்து அனுப்பிவிடுவார். மனைவி இறந்துவிட்டாள். மகள் டாம்பாவிலிருந்து வரச் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தாள். "பெட்டியை யார் பார்ப்பா?" என்பதுதான் அவர் பதில்.

பெட்டி என்று அவர் சொன்னது ஒரு பழைய ஆபீஸ் கணினி. பக்கத்து மூடி கிடையாது. உள்ளே இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் இருப்பதெல்லாம் மற்றதிலும் இருக்கும். கீழே, மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய பேட்டரி, கரண்ட் போனதும் கூவுகிற ஒரு அலாரத்தோடு. கரண்ட் போனால் சில நிமிடம் தாங்கும், பெட்டியை ஒழுங்காக அணைக்க அவ்வளவு போதும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி வைத்திருப்பார். அதாலேயே காப்பியையும் கலக்குவார். அதனால்தான் அவர் வீட்டுக் காப்பிக்கு அந்த ருசி என்று தெருவில் பேச்சு.

நான் ஊர் திரும்பியபோது அவர் காப்பியைக்கூடச் சரியாகக் கலக்கவில்லை. கயானா, பிரேசில், சிலி என்று சுற்றிவிட்டு வந்திருந்தேன். எந்த ஊரிலும் ஒரு பருவத்துக்கு மேல் கால் தரிக்காது எனக்கு. சந்தியாகோவில் ஒரு கணினி ரிப்பேர் கடையில் வேலை பார்த்ததை அம்மா யாரிடமெல்லாமோ சொல்லியிருக்க வேண்டும். பயணப் பையைக்கூடப் பிரிக்கவில்லை, அர்சேனியோ வாசலில் நின்றார்.

"வந்துட்டியா, ஊர்சுத்தி. செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி வா. எனக்கு ஒரு வேலை இருக்கு."

"மாமா, நான் இன்னும் குளிக்கலை."

"குளிக்கத் தண்ணி இருந்தாத்தானே. வா."

விஷயம் இதுதான். ஜூன் மாதத்தில் ஒரு டிஸ்க் வயதாகிச் செத்துப்போனது. மிச்சம் ஒன்றுதான். பனாமாவுக்குப் போய்ச் சாமான் வாங்கி வரும் ஒரு பெண்ணிடம் புது டிஸ்க் சொல்லியிருந்தார், அவள் வருகிற வழியைக் காணோம். அதுவரை சும்மா இருக்க முடியாது என்று, எதிர்வீட்டு சொராய்தாவின் முன்னறையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, தெருவுக்கு மேலே கேபிள் இழுத்து, எல்லாவற்றையும் அங்கே நகல் எடுக்க ஆரம்பித்திருந்தார். மின்வெட்டு சுற்று சுற்றாக வரும்; அவர் வீடு மூன்றாம் சுற்று, சொராய்தாவின் பக்கம் ஐந்தாம் சுற்று. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இருட்டாகாது. அதனால் அந்த இடம்.

நகல் மெதுவாகத்தான் நகர்ந்தது. அதற்குள் ஒரு வியாதி வந்தது. மின்வெட்டு அறிவிப்பு போனில் வந்ததும் பெட்டிக்கு அணையும்படி கட்டளை கொடுப்பார். அது அணையாது. விளக்கு எரிந்துகொண்டே, டிஸ்க் சுற்றிக்கொண்டே நிற்கும். பேட்டரி தீர்ந்ததும் கழுத்தைத் திருகியது போலப் பட்டென்று நின்றுவிடும். ஒவ்வொரு முறை அப்படி நின்றபோதும் டிஸ்க் இன்னும் கொஞ்சம் முனகியது. நான் காதை வைத்துக் கேட்டேன். மணலை மெல்லுகிற சத்தம்.

"இது போச்சுன்னா?" என்று கேட்டேன்.

"போச்சுன்னா போச்சு. தெருவே போச்சு."

"பேசாம பனாமாக்காரி வர்ற வரைக்கும் அணைச்சே வெச்சிட்டா?"

"கிழடு இது. ஒரு மாசம் அணைச்சு வெச்சா மறுபடி எழுந்திருக்குமான்னு சொல்ல முடியாது. ஓடுற வரைக்கும் ஓட்டி, உள்ளே இருக்கிறதை அந்தப் பக்கம் கடத்திடணும்."

மறுநாள் காலையிலிருந்து இருவரும் பெட்டியோடு உட்கார்ந்தோம். கரண்ட் இருக்கும்போது அணைத்துப் பார்த்தேன். நல்ல பிள்ளையாக அணைந்தது. மறுபடி போட்டு அணைத்தேன், அதே நல்ல பிள்ளை. பேட்டரிமேல் எனக்குச் சந்தேகம். சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் ஓடும்போது அணைத்தேன். அதிலும் குறையில்லை. உச்சி வெயிலில் சூடாக இருக்கும்போது அணைத்தோம், சாயங்காலம் அணைத்தோம். ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லை. அதற்கு மறுநாள் மத்தியானம் மின்வெட்டு அறிவிப்பு வந்தது. கட்டளை கொடுத்தோம். அணையாமல் அப்படியே நின்றுவிட்டது.

"அப்போ அதுக்குப் போன்ல வர்ற அறிவிப்பைப் படிக்கத் தெரியும்," என்றார் அர்சேனியோ.

"படிச்சிட்டுப் பயந்துக்குது."

"பயப்படாம என்ன செய்யும்? என்கூட இருந்து பழகின பெட்டி."

பேட்டரி தீர்ந்து அது செத்தபோது இருவருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஜன்னலில் தட்டும் சத்தம். சொராய்தா. பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள், ஒரு முழங்கால் மடங்காது. எங்கள் தெருவில் கரண்ட் இருக்கும் பக்கத்துக்காரர்கள் இருட்டுப் பக்கத்துக்கு ஒரு வயர் நீட்டுவது வழக்கம். ஒருவர் ஃபேனுக்கு, ஒருவர் குளிர்ப்பெட்டிக்கு. சொராய்தா அர்சேனியோவின் ஃபேனுக்கு நீட்டுவாள்.

"பிடி, என் உயிரே," என்று வயரின் நுனியை உள்ளே நீட்டினாள். தெருவில் எல்லோரும் அவளுக்கு என் உயிரேதான், நாய் உட்பட. "உன் மாமனுக்கு வியர்த்தா மூஞ்சி புளிச்ச மாவு மாதிரி ஆயிடுது."

"மூஞ்சியைப் பத்தி நீ பேசு," என்றார் அர்சேனியோ. ஆனால் ஃபேனை அவள் நின்ற ஜன்னல் பக்கமாகவே திருப்பி வைத்தார்.

பெட்டியையும் அந்த வயரிலேயே ஓட்டலாமே என்று நான் கேட்டேன். வயர் மெலிசு, அவள் குளிர்ப்பெட்டி உறுமினாலே ஃபேன் மூச்சு வாங்கும் என்றார். பெட்டி தாங்காது.

பெட்டிக்கு மானிட்டர் மாட்டாமல் வைத்திருந்தார், பேட்டரியைத் தின்னும் என்று. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அணையும்போது பெட்டி என்ன சொல்கிறது என்று பார்க்காமல் இருட்டில் தடவிக்கொண்டிருக்கிறோம், அடுத்த வெட்டுக்கு மானிட்டர் போடுவோம் என்றேன். பேட்டரி பாதி நேரம்தான் வரும். அவர் திருப்புளியை விரலில் உருட்டிக்கொண்டு யோசித்தார்.

"சரி. ஒரு தடவை. டிஸ்க் செத்தா உன்னைத்தான் மொன்டேவிடியோக்காரங்ககிட்ட பேச விடுவேன்."

கரண்ட் திரும்பி வந்து, பொழுது சாய்கிற நேரத்தில் அடுத்த அறிவிப்பு வந்தது. மூன்றாம் சுற்று. மானிட்டரை மாட்டினோம், கட்டளை கொடுத்தார். வரிகள் ஓடின. ஒவ்வொரு வேலையாக முடித்தேன், முடித்தேன் என்று சொல்லிக்கொண்டே வந்த பெட்டி ஒரு வரியில் நின்றது. அர்சேனியோ கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் படித்தார். சின்னப் பெட்டியில் இருக்கும் கோப்புறைக்கு அவர் வைத்திருந்த பெயர் எதிர்வீடு.

"எதிர்வீட்டுக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்னு சொல்லுது."

"எதிர்வீட்டுப் பெட்டி செத்துக் கிடக்கா?"

"எப்படிச் சாகும்? பாரு, அங்கதான் லைட் எரியுதே." ஜன்னலைக் காட்டினார். சொராய்தா வீட்டு விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அவர் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தது அந்த விளக்கைத்தான்.

எங்கள் பக்கம் கரண்ட் போனது. பேட்டரி விட்டு விட்டுக் கூவ ஆரம்பித்தது. நான் தெருவைத் தாண்டி ஓடினேன்.

வாசலிலேயே சொராய்தா வந்துகொண்டிருந்தாள், சுருட்டின வயர் தோளில், நுனி கையில். அவளுக்குப் பின்னால், அலமாரியில் சின்னப் பெட்டி. அதில் ஒரு விளக்கும் எரியவில்லை. அதன் பிளக் சுவரோரம் தொங்கியது. அது இருந்த இடத்தில் வயரின் பிளக்.

"இதை யார் கழட்டினது?"

"நான்தான், என் உயிரே. இந்த அறையில வேலை செய்யறது இந்த ஒரு சாக்கெட்தான். மத்ததெல்லாம் கருகிப்போச்சு. அறிவிப்பு வந்ததும் மாத்திடுவேன். இருட்டினப்புறம் இந்த முட்டியோட தெருவைத் தாண்ட முடியலை."

நான் வயரைப் பிடுங்கிச் சின்னப் பெட்டியின் பிளக்கைச் செருகினேன். ஒரு விளக்கு வந்தது. பிறகு மெதுவாக, சோம்பேறிப் பூனை மாதிரி, மற்றவை. அந்தப் பக்கம் பேட்டரியின் கூவல் தெருவைத் தாண்டிக் கேட்டது.

"மாமா, போட்டுட்டேன். பாருங்க," என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"இன்னும் நிக்குது."

"கொஞ்சம் பொறுங்க, இது எழுந்திரிக்கணும்."

கூவல் வேகமானது. பேட்டரி தீரப்போகும்போதுதான் அப்படி ஆகும் என்று எனக்கும் தெரியும். சொராய்தா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கூவல் நின்றது. எங்கள் இரண்டு பேருக்கும் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

ஜன்னலில் அர்சேனியோவின் தலை தெரிய நேரமாயிற்று.

"தானா அணைஞ்சுது," என்றார். "சமத்தா அணைஞ்சுது. அப்புறம் நான்தான் பேட்டரியை நிறுத்தினேன்."

சொராய்தா வயரோடு தெரு நடுவில் போய் நின்றாள். "என்ன ஆச்சு?"

நான் வாயைத் திறந்தேன். அர்சேனியோ முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்லை. பெட்டி கிழடு."

"உன்னை நான் நேத்தா பாக்குறேன்? நான் கழட்டினதாலயா?"

அவர் திருப்புளியைச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

"பெரிய பெட்டியே தூங்கப் போறப்ப சின்னது எதுக்கு முழிச்சிருக்கணும்னு நினைச்சேன்," என்றாள். அவள் குரல் இறங்கிவிட்டது. "தினமும் கழட்டியிருக்கேனே."

"ஃபேன் இல்லாம நான் வெந்திருப்பேன். டிஸ்க் போனாப் போகுது, விடு."

"போகுதுன்னு சொல்லாதே. அதுல எங்க அக்கா இருக்கா. போனவங்க எல்லாரும் இருக்காங்க. உனக்கு ஃபேன்தான் பெரிசாப் போச்சா?"

இப்படி அவள் அவரை அதட்டி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வயரை அவள் திரும்பச் சுருட்டினாள். "இனிமே அந்தச் சாக்கெட் பெட்டிக்குத்தான். நீ இங்க வந்து உக்காரு. என் ஃபேன் சமையலறையில ஓடுது. ரெண்டு பேருக்கும் காத்து வரும்."

பெட்டியில் ஒரு வரியை மாற்றினால் போதும், எதிர்வீட்டுக்குக் காத்திருக்காமல் அணைந்துவிடும் என்று நான் அவரிடம் தனியாகச் சொன்னேன். கடையில் அப்படித்தான் செய்வோம்.

"பாதி கொடுத்ததை அந்தரத்துல விட்டுட்டா?" என்றார். "வேண்டாம். அது காத்திருக்கட்டும். காத்திருக்கிறது தப்பில்லை."

மறுநாள் காலை அவர் தன் படுக்கையறைச் சுவரிலிருந்து ஒரு சாக்கெட்டைக் கழற்றினார். கடையில் சாக்கெட் கிடைத்து எத்தனையோ காலமாகிவிட்டது. அதை எடுத்துப் போய் சொராய்தாவின் முன்னறையில் பொருத்தினார். பாதி நாள் பிடித்தது. அவள் பக்கத்திலேயே நின்று, சுவரில் ஓட்டை பெரிதாகிறது, தூசி தான் செய்து வைத்த கொய்யா மிட்டாய் மேல் விழுகிறது, குழந்தைகூட இதைவிட நேராகப் பொருத்தும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் அவருக்கு வள்ளிக்கிழங்கும் பொரித்த மீனும் வைத்தாள். தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு பெட்டி ஒவ்வொரு வெட்டுக்கும் ஒழுங்காக அணைந்தது. மானிட்டரை அவர் கழற்றவில்லை. அந்த வரியைத் தாண்டுகிற வரை பார்த்துக்கொண்டே நிற்பார், தாண்டியதும் விளக்கு இருக்கும் வீட்டுக்குத் தெருவைக் கடப்பார். ஆகஸ்டில் நகல் முழுவதும் அங்கே போய்ச் சேர்ந்தது. அதற்கு அடுத்த வாரம், காலையில், பழைய டிஸ்க் இரண்டு தரம் தட்டிவிட்டு நின்றது. அர்சேனியோ அதன் மேல் கையை வைத்து, சூடு ஆறுகிறவரை இருந்தார். பிறகு என்னைக் காப்பி போடச் சொன்னார்.

பனாமாக்காரி இன்னும் வரவில்லை. கூப்பிடுகிறவர்களுக்கு இப்போது சொராய்தாவின் வீட்டிலிருந்துதான் படம் போகிறது. நேற்று மாட்ரிட்டிலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள். அவள் கேட்டது ஆட்களை அல்ல. விற்றுவிட்டுப் போன வீட்டின் சமையலறை ஏதாவது படத்தில் தெரிகிறதா என்று கேட்டாள். அர்சேனியோ ஒரு ஞானஸ்நான வீடியோவை ஓட்டிக்கொண்டிருந்தார். போன் சொராய்தாவின் கையில்.

"இரு, என் உயிரே, தேடிக்கிட்டிருக்கான். கண் தெரியலை அவனுக்கு, ஒத்துக்க மாட்டான். அர்சேனியோ, நிறுத்து. அங்க, அந்தக் குண்டுப் பாதிரியாருக்குப் பின்னால. கதவு திறந்திருக்கு பாரு. ஆமாம்மா, தெரியுது. அடுப்பு தெரியுது. இல்லை, ஜன்னலுக்குக் கீழே இல்லை, இடது பக்கம். நீ மறந்துட்டே. நீல டப்பா ஒண்ணு இருக்கு. அழாதே. டப்பால என்ன வெச்சிருந்தே, சொல்லு. நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."